பேசிக்கிட்டே இருங்க

பறித்த கொழுந்தின் எடையைத் தொழிலாளர்களே போனில் பார்த்து ஒப்புக்கொள்ள, மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட் புது ஆப் கொண்டுவந்திருந்தது. அது அவர்கள் கைக்கு வசப்படுகிறதா என்று பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்தாள் ஜான்சி. வேலையாட்களின் பேர் பதியும் மஸ்டர் ஆபீசில் அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர் ராஜபாண்டி உட்கார்ந்திருந்தார். வெளியே இருக்கச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல மழை, சொல்லவில்லை.

முதல் ஆள் கருத்தம்மாள். இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிப்பவள்.

"சோதிக்கிறது ஆப்பைத்தான்க்கா, உங்களை இல்ல. மனசுல ஓடுறதை அப்படியே வாய்விட்டுச் சொல்லணும். நான் நடுவுல உதவ மாட்டேன்."

"எல்லாத்தையும் சொன்னா சார் எம்பேரை வெட்டிருவாக தாயி. எஸ்டேட்டுல குடுத்த லைன் வீட்டையும் பிடுங்கிட்டா நான் எங்கன போவேன்?"

"சொல்லுத்தா, கேப்போம்," என்று ராஜபாண்டி சிரித்தார்.

நேற்றைய எடையைக் கண்டுபிடிக்கச் சொன்னாள் ஜான்சி.

"பச்சையா எல படம் இருக்கு. அமுக்குறேன். வேற பக்கம் வந்திருச்சு." பேச்சு நின்றது. கருத்தம்மாள் போனை மூக்குவரை கொண்டுபோய் வலப்பக்கம் சாய்த்தாள்.

ஜான்சி பயிற்சியில் கற்றபடி பத்து வரை எண்ணினாள். "பேசிக்கிட்டே இருங்கக்கா."

"நம்பரு இருக்கு. ஆறா, எட்டா..."

மறுபடி போனைச் சாய்த்தாள்.

"பேசிக்கிட்டே இருங்க."

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. ரெண்டு வருசமா இப்படித்தேன். இடது கண்ணு சுத்தமா இல்ல, வலதுல பொகை போட்டாப்புல இருக்கு. கொழுந்துக்குக் கண்ணு எதுக்கு, வெரலுக்கே தெரியும். சரிவுல எறங்கையில பக்கத்து வீட்டு எப்சிபா முன்னால போவா. அவ தலைத்துண்டு செவப்பு, அதைப் பாத்துக்கிட்டே..."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. கருத்தம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

"எப்சிபாவுக்கும் தெரியுமா?" என்றார் ராஜபாண்டி.

"சார், இது ஆப்போட குறை. எழுத்து ரொம்பச் சின்னது," என்றாள் ஜான்சி.

அவர் போனை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, "முப்பத்தெட்டு," என்று படித்தார். "நாளைக்கு இவ உருண்டு விழுந்தா நாந்தேம்மா பதில் சொல்லணும்."

கருத்தம்மாள் ஜான்சியின் பக்கம் திரும்பினாள். "இது டெஸ்டுதான தாயி?"

எண்களைப் பெரிதாக்க வேண்டும் என்பது ஜான்சியின் அறிக்கையில் முதல் வரி. இரண்டு மாதத்தில் பெரிதாக்கினார்கள். இரண்டாவது சோதனைக்கு அவள் போனபோது பட்டியலில் கருத்தம்மாள் இல்லை. அவளிருந்த லைன் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது.

இந்த முறை ராஜபாண்டியை வெளியே இருக்கச் சொன்னாள். எப்சிபா வந்து உட்கார்ந்தாள். விதிகளைக் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு திரைக்கும், "நல்லாத் தெரியுது," என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

ஜான்சி பத்து வரை எண்ணினாள். பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தாள்.