நாற்பத்தொரு பூட்டு

புரட்சி தோற்ற மறுநாளிலிருந்து தையல் ஆலையின் கதவில் எந்தப் பூட்டும் மூடி நிற்கவில்லை. பதினோரு நாள் நடந்த புரட்சி. வேலை நேரத்தில் எங்களை உள்ளே வைத்துப் பூட்டாதே என்பதுதான் முதல் கோரிக்கை. முந்தைய வருடம் தீப்பிடித்தபோது ஏழு பெண்கள் அந்தக் கதவுக்கு உள்ளேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் பட்டாளம் வந்தது, கொடி இறங்கியது. மறுநாள் காவலாளி பழையபடி பூட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினான். அவன் முதுகுக்குப் பின்னால் பூட்டு வாயைத் திறந்துகொண்டது.

பூட்டுக்காரரை அழைத்தார்கள். அவர் மனைவி அதே ஆலையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள், கொடி பிடித்தவள். அதனால் வேண்டுமென்றே கெடுக்கிறார் என்று முதலாளி பட்டறையில் இரண்டு ஒற்றர்களை உட்காரவைத்தார். அந்த இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. விலைபோய்விட்டார் என்று தொழிலாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். "ரெண்டு பக்கமும் வாசல் வச்ச ஆளுய்யா நீ" என்றாள். அதன்பின் மூன்று வருடம் அவளிடமிருந்து சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

அந்த மூன்று வருடத்தில் அவர் நாற்பத்தொரு பூட்டு செய்தார். எல்லாம் பட்டறையில் ஒழுங்காகப் பூட்டின. ஆலைச் சங்கு ஊதியதும் திறந்துகொண்டு அவரிடமே திரும்பி வந்தன. மற்ற ஆலைகளுக்கும் இந்தக் கோளாறு பரவியது. பூட்டிடம் தோற்றதாக ஒப்புக்கொள்ள அரசாங்கத்துக்கு மனமில்லை. வேலை நேரத்தில் கதவைப் பூட்டுவது குற்றம் என்று சட்டம் போட்டு, அது தன் நெடுநாள் கருணை என்று சுவரொட்டி ஒட்டியது. பெண்கள் நம்பவில்லை. ஒரு மாதம் கதவிடுக்கில் செங்கல் வைத்துவிட்டுத்தான் தைத்தார்கள்.

எல்லாம் அவர் கைவேலைதான் என்று ஊரே பூட்டுக்காரருக்கு மாலையோடு வந்தது. அவர் கொல்லைப்புறம் ஒளிந்துகொண்டார். மனைவி அங்கே வந்து நின்றாள்.

"உண்மையச் சொல்லுய்யா. நீதானே செஞ்ச?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தலையணை திரும்பிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

"இல்லம்மா. ஒவ்வொண்ணும் பூட்டணும்னுதான் செஞ்சேன். பூட்டலேன்னா உன்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவோம்னாங்க."

"நாப்பத்தொண்ணுமா?"

"நாப்பத்தொண்ணும்."

"ஒண்ணுகூட உருப்படல!" அவள் சிரித்துவிட்டாள். "ஆமான்னு மட்டும் பொய் சொல்லியிருந்தா, இப்பவே எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன்."

தலையணை பழைய அறைக்கு வந்தது. மறுநாளிலிருந்து அவர்கள் வீட்டுக் கதவிலும் பூட்டு நிற்கவில்லை. நாய் நுழையாமலிருக்க நாற்பத்தொரு பூட்டையும் ஒரு சாக்கில் கட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.