படைக்காத கூழ்

ஒரு சொம்புக் கூழால் கல்யாணம் நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஈவ்லின் சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் காலேபுக்கும் சர்ச்சில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபைக்கு முன்னால் அறிவிக்கும் அந்த ஓலையை, கேளம்பாக்கத்தில் தங்கள் சபையில் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார் காலேபின் அம்மா ஞானஜோதி.

காரணம் ஒரு போட்டோ. ஈவ்லின் ஜெர்மனியில் சமயமும் வரலாறும் படிக்கிறாள். கிராமங்கள் பிளாட்டுகளாக மாறிய பிறகு அம்மன் கோயில் ஆடித் திருவிழாக்கள் எப்படி மாறின என்பது அவளுடைய ஆய்வு. அதற்காக விடுமுறையில் தாம்பரம் வந்தவள், போன வெள்ளிக்கிழமை பீர்க்கன்கரணையில் கூழ் ஊற்றுவதைப் பார்க்கப் போயிருந்தாள். கையில் சொம்பும் வாயில் முருங்கைக்கீரையுமாக அவள் நின்ற படம் யாருடைய ஸ்டேட்டஸிலோ ஏறி, நான்கு போன் தாண்டி, ஞானஜோதியிடம் போய்ச் சேர்ந்தது. அம்மனுக்குப் படைத்ததைச் சாப்பிட்ட பெண், சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று தவறு என்று சொல்ல வேண்டும், பிறகுதான் ஓலை என்றார் அவர்.

ஜெர்மனியில் ஒரு தொல்லை என்றால் இங்கே வேறு தொல்லை. அங்கே முதல் நாளே பேராசிரியர், உங்கள் வீட்டில் எந்தத் தெய்வம் என்று ஆவலாகக் கேட்டார். ஐந்து தலைமுறையாக லுத்தரன் சபை என்று அவள் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. கூடப் படிப்பவர்கள் அவளைக் கண்டால் யோகாவைப் பற்றியும் மறுபிறவியைப் பற்றியும் விளக்கம் கேட்பார்கள். ஒருநாள், பார்க்கப் புதுமையாக இருக்கும் என்று அவளை சர்ச்சுக்கு அழைத்துப் போனார்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு முதியவர்கள். அவர்கள் பாடிய பாட்டைத் தமிழில் மனப்பாடமாகப் பாடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அழைத்துப் போனவர்களுக்கு மெட்டுகூடத் தெரியவில்லை.

இங்கே வந்தாலோ, சமயம் படிக்கிறாள் என்றதும் போகிற வீட்டிலெல்லாம் அவளைத்தான் ஜெபம் பண்ணச் சொல்கிறார்கள்.

இத்தனைக்கும் அவள் குடித்தது படைத்த கூழே இல்லை. கோயில் நிர்வாகியின் மனைவி செல்லியம்மாள் ஈவ்லினின் அம்மாவுக்குப் பழக்கம். "இன்னா பாப்பா, உங்காளுங்க படைச்சத சாப்ட மாட்டீங்கன்னு எனுக்குத் தெரியாதா? பூசைக்கு முன்னாடியே உனுக்குன்னு தனியா எடுத்து வெச்சிகீறேன்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். ஈவ்லின் மாட்டேன் என்றுவிட்டாள். இன்னும் பத்துக் கோயில் பாக்கி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இப்படிக் கணக்குச் சொல்லிக்கொண்டா வாழ முடியும்?

அம்மா கெஞ்சிய மறுநாள் காலேப் காரில் வந்து அவளைக் கேளம்பாக்கத்துக்கு அழைத்துப் போனான். வழியெல்லாம், நீ டென்ஷன் ஆகாதே என்பதைத் தவிர அவன் உருப்படியாக எதுவும் சொல்லவில்லை. சோழிங்கநல்லூர் சிக்னலில் அதையே அவன் மூன்றாவது தடவை சொன்னபோது இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

ஞானஜோதி வாசலில் நின்று வரவேற்றார். கோபத்திலும் முறை தவறாதவர். உட்கார்ந்ததும், நீயே ஒரு சின்ன ஜெபம் பண்ணும்மா என்றார். ஈவ்லின் பல்லைக் கடித்துக்கொண்டு பண்ணினாள்.

"குடிச்சியா, இல்லையா?"

"குடிச்சேன் ஆன்ட்டி."

"அம்மா, அது படைச்சதே இல்லம்மா" என்று காலேப் அவசரமாகக் குறுக்கே விழுந்தான். "அவளுக்குன்னு முன்னாடியே தனியா எடுத்து வெச்சதாம்."

ஞானஜோதியின் முகம் மலர்ந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கடிந்துகொண்டே காபி கலக்க எழுந்தார். இவனிடம் ஏன் சொன்னோம் என்று ஈவ்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டால் ஓலை வாசித்துவிடுவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி இதே நாற்காலி.

"ஆன்ட்டி, அடுத்த வாரம் கூடுவாஞ்சேரி போறேன். அங்க என்னை யாருக்கும் தெரியாது. யாரும் எடுத்து வெக்க மாட்டாங்க."

"வேணாம்னு சொல்லிடு."

"கொடுக்கறத வாங்காதவகிட்ட யாரு ஆன்ட்டி உக்காந்து கதை சொல்லுவா?"

ஞானஜோதி யோசித்தார். "அப்ப ஒண்ணு பண்ணு. நானே கூழ் காய்ச்சி ஃபிளாஸ்க்ல ஊத்தித் தரேன். அவங்க குடிக்கறப்ப நீ இதக் குடி."

காலேப் சிரித்தான். ஈவ்லின் சிரிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ இப்ப சொல்லு காலேப். நான் போகலாமா, கூடாதா? உங்கம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு பதில் வேணாம்."

அவன் சிரிப்பு நின்றது. அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"அவ போவாம்மா" என்றான் கடைசியில். "கொடுத்தா குடிப்பா. படைச்சதோ, படைக்காததோ. கல்யாணம் ஆனாலும் அப்படித்தான். நீங்க சங்கத்துல நிக்கச் சொன்னா, அவகூட நானும் வந்து நிப்பேன்."

ஞானஜோதி மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஈவ்லினிடம், கும்பிட்டியா என்று கேட்டார். குரல் உயராத கேள்வி. இல்லை ஆன்ட்டி, கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன் என்றாள் அவள். அவர் பெருமூச்சு விட்டு, மேஜைமேல் இருந்த போனை எடுத்துப் போதகரைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓலையை வாசித்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டு, காபி டம்ளரை ஈவ்லின் பக்கம் தள்ளினார்.

"குடிச்சுத் தொலை. ஆனா எவளையும் போட்டோ எடுக்க விடாத."