பெட்டிக்கு ஐம்பது

தெரியாததைக் கேட்க எனக்கு வெட்கமே கிடையாது. வெட்கப்பட்டிருந்தால் இன்றைக்கும் ஏதோ ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் நின்று பிசிறு வெட்டிக்கொண்டிருப்பேன். திருப்பூர் நெருப்பெரிச்சலில் பதினான்கு மெஷின் போட்டு, "நாகஜோதியக்கா யூனிட்" என்று பேர் வாங்கியிருக்க மாட்டேன்.

நானும் என் வீட்டுக்காரர் முனீசும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்தவர்கள். யூனிட் ஆரம்பித்த பதினைந்து வருஷமும் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்தான் செய்தோம். அவர்கள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்து, மடித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கித் திருப்பிக் கொடுப்போம். எந்த நாட்டுக்குப் போகிறது என்பதைப் பெட்டியின் ஸ்டிக்கரைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். நமக்கும் அந்த நாட்டுக்கும் அவ்வளவுதான் உறவு.

நாமே நேராக அனுப்பினால் என்ன என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. தெரிந்த ஏற்றுமதிக்காரர்கள் நாலு பேரிடம் கேட்டேன். இந்த ஊரில் நல்ல டாக்டர் யார், பெண்ணுக்கு எந்தக் காலேஜ் என்று கேட்டால் உட்கார வைத்துக் காப்பி கொடுத்துச் சொல்வார்கள். ஏற்றுமதி எப்படி என்று கேட்டால் மட்டும் அந்த நேரம் பார்த்து அவர்களுக்குப் போன் வந்துவிடும். ஒருவர், "அது பெரிய தலைவலிம்மா, உங்களுக்கு எதுக்குங்க?" என்றார். தலைவலியோடு அவர் மூன்றாவது கார் வாங்கியிருந்தார்.

அப்புறம்தான் மைதிலியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். புதிதாக ஏற்றுமதி செய்ய வருகிறவர்களுக்கு வழி சொல்வதற்கென்றே ஓர் உதவி மையம் இருந்தது. மாடியில் ஒரு சின்ன அறை, அதில் மைதிலி. முப்பது வயதுகூட இருக்காது, பல்லடம் பக்கத்துப் பெண். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கேள்விகளுக்கு நம்பர் போட்டு எழுதிக்கொண்டு போனேன். முதல் நாளே பதினொரு கேள்வி. அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, பரீட்சைக்குங்களா படிக்கறீங்க?"

"நீ பதில் சொல்லு கண்ணு, நான் பாஸாயிக்கிடுதேன்" என்றேன். இந்த ஊர் "கண்ணு" என் வாயிலும் ஒட்டிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, பொறுமையான பெண். ஏற்றுமதியாளர் எண்ணுக்குக் கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பிக்க வைத்தாள். பேங்கில் என்ன பதிய வேண்டும், துணிக்கு எந்தக் குறியீட்டு எண் போட வேண்டும், லேபிளில் எந்த மொழியில் என்ன எழுத வேண்டும், எல்லாம் சொன்னாள். குழந்தைகள் சட்டையின் தலைமூடியில் நான் அழகுக்கு வைத்திருந்த நாடாவைப் பார்த்துப் பதறிவிட்டாள். கழுத்தை இறுக்கிவிடும் என்று ஐரோப்பாவில் அதைச் சின்னப் பிள்ளைகள் துணியில் விடமாட்டார்களாம். அது இருபத்தேழாவது கேள்வி. நாடாவை எடுத்துவிட்டேன்.

வெளிநாட்டுக் கடைக்காரர்களின் பட்டியலும் அவள் கொடுத்ததுதான். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மெயில் போட்டேன். மூன்று பேர் பதில் எழுதினார்கள். அதில் இருவர் முதலில் ஏதோ கட்டணம் கட்டச் சொன்னார்கள். "தொடாதீங்க" என்றாள் மைதிலி. மூன்றாவது ஆள் மார்த்தா. போலந்தில் இரண்டு கடை வைத்துக் குழந்தைத் துணி விற்கிறவர். அவர் நிஜமான ஆள்தானா என்று அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேட்டோம். நிஜமான ஆள்தான் என்று பதில் வந்தது. சாம்பிள் மூன்று தடவை போய், நாலாவது தடவை ஆர்டர் வந்தது. இரண்டாயிரத்து நானூறு பீஸ். ஜூன் முதல் தேதி அங்கே குழந்தைகள் தினமாம், அதற்கு முன்னால் சரக்கு கடையில் இருக்க வேண்டும். தவறினால் ஆர்டர் ரத்து என்று மார்த்தா தெளிவாக எழுதியிருந்தார். அடுத்த ஆர்டர் பற்றிப் பேச்சே இருக்காது.

நாற்பத்தெட்டுப் பெட்டி, பெட்டிக்கு ஐம்பது. பேக்கிங் லிஸ்டை நானே டைப் செய்தேன். நோட்டில் அதற்குள் நாற்பத்து மூன்று கேள்வி ஆகியிருந்தது, எல்லாவற்றுக்கும் பதிலும் இருந்தது. பெட்டிகள் லாரியில் ஏறியபோது பெருமையாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேல்குமாரிடமிருந்து போன் வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் எங்கள் சரக்கைக் கஸ்டம்ஸில் முடித்துக் கொடுக்கும் ஏஜென்டின் ஆள் அவர், திருப்பூர்ப் பக்கத்துக்காரர்.

"அக்கா, ஒரு பெட்டியப் பிரிச்சு எண்ணிப் பார்த்தாங்க. ஐம்பத்திரண்டு இருக்குதுங்க."

"ஆமா" என்றேன்.

"லிஸ்டுல ஐம்பதுன்னு இருக்குதுங்களே."

"ஐம்பதுதான். ரெண்டு கொசுறு."

"எல்லாப் பெட்டியிலுமுங்களா?"

எல்லாப் பெட்டியிலும்தான். ஜாப் ஒர்க்கில் பதினைந்து வருஷமாக அதுதான் வழக்கம். கம்பெனி ஆள் சரக்கை வாங்கும்போது எண்ணுவார். எண்ணிவிட்டு, "பீஸ் குறையுதே" என்பார். குறைந்தாலும் சொல்வார், குறையாவிட்டாலும் சொல்வார். அதற்காகவே பெட்டிக்கு இரண்டு சேர்த்துப் போட்டுவிடுவோம். மார்த்தாவுக்கு அனுப்பும்போது பேக்கிங் பார்க்கும் சின்னத்தாயக்கா கேட்டாள், "இதுக்கும் ரெண்டு போடவா தாயி?" என்று. "போடுங்க, முதல் ஆர்டர்லா, சந்தோஷப்படட்டும்" என்று சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

வேல்குமார் ஒரு வழி சொன்னார். "பிரிச்ச பெட்டி மட்டும் பேக்கிங் மிஸ்டேக்னு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க. மத்ததப் பிரிக்க மாட்டாங்க. வியாழக்கிழமை மத்தியானம் கண்டெய்னர் மூடறாங்க, அதுல ஏறிரும். இல்லாட்டி அடுத்த கப்பல்தானுங்க."

அடுத்த கப்பல் என்றால் ஜூன் முதல் தேதி போயே போய்விடும்.

முனீசு எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். எனக்கோ கோபம் தலைக்கு ஏறிவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம், மைதிலி மேல் விழுந்தது. போன் போட்டுக் கத்தினேன். நாடா வைக்கக்கூடாது என்று சொல்லத் தெரிந்தவளுக்கு இதைச் சொல்லத் தெரியாதா என்று கேட்டேன்.

நான் கத்தி முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"நீங்க கேக்கலீங்களே அக்கா. சேர்த்து வைப்பீங்கன்னு எனக்கும் தோணலீங்க."

"இப்ப என்ன செய்ய?"

"ஒரு பெட்டின்னு எழுதிக் குடுத்தா இங்க போயிரும். அங்க அவங்க கஸ்டம்ஸ் ஒரு பெட்டியப் பிரிச்சா? லிஸ்டுல இல்லாத சரக்கு உள்ள வந்திருக்குது, அது நீங்க பிரியமா வெச்சதுன்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்? மாட்டறது நீங்க இல்லீங்க, மார்த்தா."

போனை வைத்தேன். வேல்குமாரிடம், நாற்பத்தெட்டுப் பெட்டியிலும் கூடுதலாக இருக்கிறது, எடுத்துவிட அனுமதி கேளுங்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். மார்த்தாவுக்கும் அதையே எழுதினேன். கொசுறு என்பதை இங்கிலீஷில் விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

புதன்கிழமை விடிகாலையில் நானும் முனீசும் பஸ் ஏறினோம். கோவில்பட்டி வந்தபோது அவர், "ஊருக்கு வாறோம், ஊட்டுக்குப் போக முடியல" என்றார். திருப்பூர் வந்ததிலிருந்து வீடு என்பது அவர் வாயில் ஊடு ஆகிப் பல வருஷமாகிறது. மத்தியானம் ஒன்றரைக்குத் துறைமுகத்துச் சரக்குக் கிடங்கில் இருந்தோம். வேல்குமார் லெட்டரோடு நின்றார். அனுமதி கிடைத்திருந்தது, ஆனால் அதிகாரி முன்னால் பிரித்து எண்ண வேண்டும்.

அதிகாரி கண்ணாடி போட்ட மனிதர். எங்கள் ஊர்ப்பக்கப் பேச்சு.

"எதுக்கும்மா ரெண்டு ரெண்டு கூட வச்சீங்க?"

"கொசுறு சார்."

"காய்கறிக் கடையா நடத்துதீங்க?"

வேல்குமார் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது.

முதல் பெட்டியைப் பிரித்து மேலே இருந்த இரண்டை எடுத்துச் சாக்கில் போட்டு, டேப் ஒட்டப் போனேன். "மிச்சத்த எண்ணுங்க" என்றார். "ஐம்பது இருக்கும் சார், பதினைஞ்சு வருசமா பேக்கிங் பண்ணுதோம்" என்றேன். அவர் பேனாவால் பெட்டியைக் காட்டினார். எண்ணினோம். ஐம்பது. இரண்டாவதும் ஐம்பது. ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்தீர்களா என்று கேட்கிற மாதிரி.

பதினேழாவது பெட்டியில் இரண்டை எடுத்த பிறகு நாற்பத்தொன்பது இருந்தது.

திரும்ப எண்ணினேன். முனீசு எண்ணினார். நாற்பத்தொன்பதுதான். அதிகாரி குறித்துக்கொண்டார். சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து உள்ளே வைத்தேன். முப்பத்தொன்றாவது பெட்டியில் நாற்பத்தெட்டு இருந்தது. அதாவது இரண்டு கொசுறையும் சேர்த்து அதில் இருந்ததே ஐம்பதுதான். மொத்தப் பெட்டிகளில் லிஸ்டுக்குச் சரியாக இருந்தது அது ஒன்றுதான். அதுவும் நாங்கள் எண்ணத் தவறியதால்.

அங்கேயே ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து வருஷமாகத் தாராள மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது தாராளமே இல்லை. நாங்கள் ஒழுங்காக எண்ணுவதில்லை. எண்ணாததை மூடத்தான் இரண்டு. கம்பெனி ஆள் குறையுது குறையுது என்றபோதெல்லாம் அவரைத் திருடன் என்று திட்டியிருக்கிறேன். அதில் எத்தனை தடவை நிஜமாகவே குறைந்ததோ. அவமானமாக இருந்தது. ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

"ஏ ஜோதி, எந்தி. இன்னும் பதினேழு பெட்டி கெடக்கு" என்றார் முனீசு.

நாலேமுக்காலுக்கு முடிந்தது. இரண்டாயிரத்து நானூறு. சாக்கில் தொண்ணூற்று மூன்று. வியாழக்கிழமை மத்தியானம் கண்டெய்னரை மூடிவிட்டதாக வேல்குமார் படம் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சாக்கோடு யூனிட்டில் நுழைந்ததும் சின்னத்தாயக்கா ஓடிவந்தாள். அன்றைக்கு ஜாப் ஒர்க் சரக்கு ஒன்று பேக்கிங்கில் இருந்தது.

"இனிமே ரெண்டு கிடையாது" என்றேன். "ஐம்பதுன்னா ஐம்பது. நீங்க ஒரு தடவ எண்ணுங்க, நான் ஒரு தடவ எண்ணுதேன்."

"குறைஞ்சிட்டுன்னா தாயி?"

"குறையாம எண்ணுவோம்."

அவளுக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும் அன்றைக்கு முழு நம்பிக்கை வரவில்லை. முதல் இரண்டு பெட்டி எண்ண அரைமணி நேரம் ஆகிவிட்டது.

மைதிலியைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் ஒரு தாள் கொடுப்பாள், செய்ய வேண்டியவை, கூடாதவை என்று. அதை என் முன்னால் தள்ளிப் பேனாவைக் கொடுத்தாள். கடைசியில் எழுதினேன்: எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்தார். பொங்கலூர்க்காரர், கந்தப்பன் என்று பேர், தேங்காய் அனுப்ப வழி கேட்டு வந்திருந்தார்.

"ஏனுங்க, சேர்த்துப் போட்டாச் சந்தோசந்தானுங்களே படுவாங்க? நாங்க நூறு காய்க்கு ரெண்டு காய் சேர்த்துத்தானுங்க போடுவோம்."

மைதிலி என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க அக்கா" என்றாள். சொன்னேன். முப்பத்தொன்றாவது பெட்டி வரைக்கும் சொன்னேன். அந்த மனிதர் சிரிக்காமல் கேட்டார்.

மே மாதம் இருபதாம் தேதி காலையில் மார்த்தாவிடமிருந்து மெயில் வந்தது. முனீசு ஓவர்லாக் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், சின்னத்தாயக்கா டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் போனைத் தூரத்தில் பிடித்து முதல் வரியைப் படித்தேன். சரக்கு வந்து சேர்ந்தது, இரண்டாயிரத்து நானூறு, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

பதினைந்து வருஷத்தில் யாரும் எங்களிடம் அதைச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னட்டி, என்ன போட்டிருக்கு?" என்று பதறி எழுந்து வந்தார் முனீசு. "அடுத்த ஆர்டர் பத்தி ஏதும் இருக்கா?"

கீழே நிறைய எழுதியிருந்தது. நான் இன்னும் முதல் வரியைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.