கணுவோடு ஒரு துண்டு

ஜனவரியில் தருவைகுளம் கடலுக்குள் இறக்கிய நாற்பது மூங்கில் சட்டங்களிலும் கட்டியிருந்த கடற்புல் அழுகிவிட்டது என்று இனிகோ வந்து சொன்னபோது, ஜெப்ஸி கரையில் தார்ப்பாய் விரித்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். இனிகோ சங்கு குளிக்கிறவர். முப்பது வருஷமாக அந்தக் கடலின் அடியைப் பார்த்தவர்.

"ஒண்ணுகூட மிஞ்சலையா அண்ணாச்சி?"

"எல்லாம் கறுத்துப் போச்சு டீச்சர். தொட்டா கையோட வருது."

இழுவை மடி வலைகள் உழுது உழுது அந்த இடத்தில் கடற்புல்லே இல்லாமல் போயிருந்தது. புல் போனதும் நண்டும் போனது. மறுபடி நட்டு வளர்க்கும் வேலையைத் தூத்துக்குடியில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்திருந்தது. அதற்குப் பொறுப்பாக வந்தவள்தான் ஜெப்ஸி. சாத்தான்குளத்துக்காரி. நான்கு வருஷம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியதால் எல்லோருக்கும் டீச்சர். ஆனால் தண்ணீருக்குள் ஒருநாளும் தலையை முக்கியதில்லை.

அன்று மதியமே மேலதிகாரி நேசக்குமார் போனில் கூப்பிட்டார்.

"அங்க மண்ணு சரியில்ல ஜெப்ஸி. வேற இடம் பாத்துருவோம்."

"ஏன் செத்துச்சுன்னே தெரியலயே சார். தெரியாம வேற இடத்துல வச்சா அங்கயும் சாகும். எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க."

"மார்ச் கடைசி வரைக்கும். அதுக்கு மேல கேக்காதீங்க."

போனை வைத்ததும் இனிகோவிடம் போய், "எனக்கு முங்கக் கத்துக்குடுங்க" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். "உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு? நாங்க பாத்துச் சொல்லுதோம்லா."

"நானே பாக்கணும் அண்ணாச்சி."

முதல் நாள் நெஞ்சளவு தண்ணீரில் முகத்தை வைத்ததுமே மூக்கு வழியாக உப்புத் தண்ணீர் ஏறி வாந்தி எடுத்தாள். கரையில் வலையிலிருந்து நண்டு கழித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் நாளும் அதே கதைதான். மூன்றாம் நாள் பத்து எண்ணும்வரை தாக்குப்பிடித்தாள். காலையில் காது வலியோடு எழுந்திருப்பாள், ஏழு மணிக்குக் கடற்கரையில் நிற்பாள். ஒன்பதாம் நாள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, படகிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்தபடி ஒன்றரை ஆள் ஆழத்துக்கு இறங்கிவிட்டாள். பயம் போகவில்லை. பயத்தோடுதான் இறங்கினாள்.

சட்டங்களைப் பார்த்தாள். சணல் கயிறு ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது. ஒரு கொத்தைப் பிரித்து மேலே கொண்டுவந்தாள். கறுத்த இலைகள் மட்டும்தான் இருந்தன. கீழே தண்டும் இல்லை, வேரும் இல்லை.

படகை எதிரே இருந்த தீவுப் பக்கம், புல் செழித்திருந்த இடத்துக்கு விடச் சொன்னாள். நாற்று எப்படி எடுத்தீர்கள் என்று செய்துகாட்டச் சொன்னாள். இனிகோ முங்கினார்; அவளும் பின்னாலேயே இறங்கினாள். ஒரு கை நிறையப் புல்லைச் சேர்த்துப் பிடித்து, மண்ணுக்கு மேலே கத்தியால் பதமாக அறுத்தார்.

"ஏன் அண்ணாச்சி அறுத்தீங்க?" படகில் ஏறியதும் கேட்டாள்.

"கடல்பாசி வளக்கையில இப்படித்தான செய்வோம்? ஒரு துண்டைக் கிள்ளிக் கயித்துல கெட்டுனா அதுபாட்டுக்கு வளரும். நீங்களும் பாசி கெட்டுற மாதிரியே கெட்டுங்கன்னுதான சொன்னீங்க?"

சொல்லியிருந்தாள். முடிச்சுப் போடுவதை மட்டும் மனதில் வைத்துச் சொன்னாள். அவர்கள் அறுத்ததைப் படகிலேயே கட்டி, கரைக்குக் கொண்டுவராமல் கடலில் இறக்கிவிட்டார்கள். அவள் கரையில் இருந்தாள். வகுப்பில் நூறு தடவை நடத்திய பாடம், இங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தப்பு உங்க மேல இல்ல. என் மேலதான்" என்றாள். இனிகோ இஞ்சினை முடுக்கினார்.

மறுநாள் காலை இனிகோவோடு சேர்த்து முங்குகிற நான்கு பேரையும் கரையில் உட்கார வைத்தாள். ஒரு கையில் பாசி, மறு கையில் தோண்டி எடுத்த முழுக் கடற்புல்.

"பாசிக்கு வேர் கிடையாது. கல்லைப் பிடிச்சிக்கிட ஒரு பிடிதான். உடம்பு முழுக்கத் தண்ணியில இருந்தே சத்தை எடுத்துக்கிடும். அதனாலதான் எந்தத் துண்டை வெட்டிக் கெட்டுனாலும் பிழைக்குது. இது பாசியே இல்ல. நிலத்துல இருக்குற புல்லு மாதிரி பூத்துக் காய்க்குற செடி."

"கடலுக்குள்ள பூக்குமா?" என்றார் இனிகோ.

"பூக்கும்." அவள் எழுந்து போய், மணலில் படர்ந்திருந்த ராவணன் மீசைப் புல்லைப் பிடுங்கினாள். முள் விரலில் குத்தியது. நீண்ட தண்டு கணுக்கணுவாக வந்தது; கணுவுக்குக் கணு வேர் தொங்கியது. "இதே மாதிரிதான். கடற்புல்லுல இந்தத் தண்டு மண்ணுக்குள்ள கிடக்கு. வேர் மாதிரி தெரியும், ஆனா தண்டு. கணுவுல இருந்துதான் கீழ வேரும் மேல இலையும் வருது. இந்த நுனிக் குருத்துதான் முன்னால போய்ப் படருது. இலையை மட்டும் அறுத்தா, பூவைக் கிள்ளிச் சாடியில வச்ச மாதிரிதான்."

இனிகோ தண்டை வாங்கிக் கணுக்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ கத்தி ஆகாது. கையால மண்ணைத் தோண்டி எடுக்கணும்."

"நாலு கணுவும் நுனியும் வேணும். ஒரே இடத்துல ரொம்ப எடுக்கவும் கூடாது."

"மெதுவாத்தான் நடக்கும்."

"நடக்கட்டும்."

பிப்ரவரி பாதியில் இருபத்தைந்து சட்டங்கள் இறக்கினார்கள். இந்த முறை ஜெப்ஸியும் அவர்களோடு முங்கிக் கட்டினாள். ஒரு சட்டத்துக்கு அவர்கள் இரண்டு தடவை மூச்செடுத்தால் அவள் பத்துத் தடவை எடுத்தாள். முதல் வாரத்திலேயே நீரோட்டம் இரண்டு சட்டங்களை அடித்துக்கொண்டு போனது. ஆறு சட்டங்களில் புல் பழுத்து உதிர்ந்தது. நேசக்குமார் கேட்டபோது எதையும் மறைக்காமல் சொன்னாள். முதல் நாற்பது ஏன் செத்தது என்பதையும் எழுதி அனுப்பினாள்.

மார்ச் இருபத்தாறாம் தேதி மிச்சம் பதினேழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் பச்சை. கடைசிச் சட்டத்தில் மூங்கிலைத் தாண்டி, வெறும் மண்ணில் ஒரு சாண் தள்ளி இரண்டு இலைகள் புதிதாக முளைத்திருந்தன. மண்ணை லேசாக விலக்கினாள். உள்ளிருந்து தண்டு வந்துகொண்டிருந்தது.

மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே இனிகோவிடம் சொன்னாள். அவர் நம்பாமல் தானும் ஒருமுறை முங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இடத்தை மாத்த வேண்டாம்னு உங்க சார்ட்ட சொல்லிருங்க" என்றார். "நாளைக்குச் சட்டம் அடிக்க எத்தனை மூங்கில் வேணும்?"

"அறுபது சட்டத்துக்கு" என்றாள் ஜெப்ஸி.