பிடுங்கிய மூச்சு

...அந்த ‘ஆமா’வை மருமகள் சொல்லாமல் இருந்திருக்கலாம், இல்ல அத்தை, நீங்கதானே பயந்தீங்க என்று படகிலேயே போட்டு உடைத்திருக்கலாம், மானம் கப்பலேறிப் போயிருக்கும், அதோடு விஷயம் முடிந்திருக்கும், ஆனால் அவளோ துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஆமா, அத்தைதான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் இருமத் தொடங்கிவிட்டாள்... வெறும் இருமலா அது, அடிவயிற்றிலிருந்து வருகிறது, எவ்வளவு உப்புத்தண்ணீர் குடித்தாளோ. படகு தீவை நோக்கித் திரும்பிவிட்டது. காதுவலி என்று கடலில் இறங்காமல் மேலேயே இருந்துவிட்ட மகன், மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் இருந்த பெருமை... பள்ளிக்கூடத்தில் ஆயுசு முழுக்க நீச்சல் சொல்லிக்கொடுத்தவள், நீச்சல் டீச்சர் என்றால்தான் ஊரில் வீட்டுக்கு வழி காட்டுவார்கள், அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், காலில் மாட்டிய துடுப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டாள். துடுப்பை எப்போதோ கழற்றியாயிற்று. வெறுங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கடலடியில் மூழ்கிக் கிடக்கும் அந்தக் கப்பலுக்குள் போக வேண்டாம் என்று மருமகள் சொன்னாளே, காலையில், பவளப்பாறையோட நிறுத்திக்கலாம் அத்தை, அதுவே எவ்வளவு அழகா இருக்கு என்று. மாமியார் கேட்டாளா? வாளித் தண்ணியப் பார்த்தாலே உனக்கு நடுங்குமே என்று வழிகாட்டி முன்னாலேயே சிரித்தாள். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒருக்களித்துப் படுத்திருந்த கப்பல், அதன் விலா முழுக்கப் பூத்துக் கிடந்த பவளம், சன்னல் ஓட்டைக்குள் போய்ப் போய் வந்த மஞ்சள் மீன்கள்... வழிகாட்டி வெளிச்சம் காட்டியபடி முன்னால் நீந்தி மறுவாசல் வழியே வெளியேறிவிட்டான். அந்த உள்ளறையில்தான் மாமியாரின் கால்துடுப்பு தரையில் பட்டது, சேறு கிளம்பியது, கண்ணெதிரே பாலைக் கொட்டியதுபோல் ஒன்றும் தெரியவில்லை, எதிலோ முகம் மோதி, முதுகுச் சிலிண்டரிலிருந்து வாய்க்கு வரும் மூச்சுக்குழாய் நழுவியது. தேடி எடுத்திருக்கலாம். கையைப் பின்னால் வீசி, தோளோரமாகத் துழாவினால் குழாய் தானாகக் கைக்கு வரும், குளத்தில் வைத்துப் பழகியதுதானே, அப்போது மருமகளுக்கு வரவில்லை என்று இவள்தானே திரும்பத் திரும்பச் செய்து காட்டினாள். ஆனால் கை பின்னால் போகவில்லை. பக்கத்தில் குமிழி விட்டுக்கொண்டிருந்த வாய்க்குப் போயிற்று. பிடுங்கினாள். பல்லில் பட்டு, உதட்டைக் கிழித்து, பிடுங்கித் தன் வாயில் திணித்துக்கொண்டாள்... தன் பிள்ளையின் பெண்டாட்டி, இருட்டில், தண்ணீருக்கடியில், மூச்சில்லாமல். அந்த நேரத்தில் மருமகள் என்ற நினைப்பே இல்லையே. காற்று இருக்கிற இடம், அவ்வளவுதான்.

அப்புறம் எல்லாம் மருமகள்தான். தன் நெஞ்சில் மாட்டியிருந்த உபரிக் குழாயை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள், மாமியாரின் மணிக்கட்டைப் பற்றினாள், சுவரைத் தடவித் தடவி வெளிச்சத்துக்கு இழுத்து வந்தாள். வாசலை எட்டியதும் மாமியாரின் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த குழாயைத் தேடி எடுத்துக் கொடுத்து, தன்னுடையதை அவள் வாயிலிருந்து வாங்கிக்கொண்டாள், குழந்தை வாயிலிருந்து சாவியை எடுப்பதுபோல், வலிக்காமல். வழிகாட்டி திரும்பிப் பார்க்கும்போது இரண்டு பெண்கள் கைகோத்து நின்றார்கள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். மேலே வந்ததும் மகன் பதறி, என்னம்மா ஆச்சு, உதட்டுல ரத்தம் வருதே இவளுக்கு என்றான். உண்மை நாக்கு நுனியில்தான் இருந்தது, சத்தியமாக இருந்தது, ஆனால் வெளியே வந்தது வேறு... உள்ள கொஞ்சம் பயந்துட்டாடா, நான்தான் கையைப் புடிச்சு வெளிய கொண்டு வந்தேன். எவ்வளவு இயல்பாக வந்தது! ஒத்திகை பார்த்ததுபோல. “நல்லவேளை, நீங்க கூட இருந்தீங்கம்மா” என்றான் வழிகாட்டி. அதையும் தலையாட்டி வாங்கிக்கொண்டாளே, சீ.

கரை தெரிந்தது. இப்போது சொல்லிவிடலாம், படகு நிற்பதற்குள், ஒரே வாக்கியம். “இங்க பாரு...” என்று ஆரம்பித்தாள். மகன் நிமிர்ந்தான். மருமகளும் நிமிர்ந்தாள், உதடு வீங்கியிருந்தது. “அத்தை, காத்து ஜில்லுன்னு அடிக்குது, இதைப் போர்த்திக்கங்க” என்று தன் துண்டை நீட்டினாள். அதில் கோபமில்லை, குத்தலில்லை, காப்பாற்றிவிட்டேன் பார் என்ற மிதப்புகூட இல்லை. துண்டை வாங்கிக்கொண்டபோதுதான் நீச்சல் டீச்சருக்கு அது உறைத்தது, பிடுங்கியபோது, சேற்றுக்கு நடுவே, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கணம் தெரிந்த அந்தக் கண்கள்... அவற்றில் வலி இருந்தது, அவசரம் இருந்தது, ஆச்சரியம் மட்டும் இல்லை. அப்படியானால், தான் இப்படிப்பட்டவள் என்று இவளுக்கு எப்போதிருந்து தெரியும்?