முட்டைச் செவ்வாயும் ஒகாசே வீட்டு நாக்குகளும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டு ஜனவரி பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை, சோயா சாஸ் ஆலையின் புத்தாண்டு விருந்தில் ஒகாசே கன்ஜி கடித்த நண்டுக்கால் முளைப்பயறாகவும் பொரித்த டோஃபுவாகவும் ருசித்தது. அன்று இசோமே நகரில் முள்ளங்கி ஒன்று எண்பது யென், பத்து முட்டை நூற்றுத் தொண்ணூறு. கன்ஜி பக்கத்துத் தட்டிலிருந்து இன்னொரு காலை எடுத்துக் கடித்துப் பார்த்தார். அதுவும் முளைப்பயறு. விற்பனைப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தவர் என்பதால் முகத்தில் எதையும் காட்டாமல் தட்டைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சமையலறைக் கதவில் ஆணியில் தொங்கிய குடும்பக் கணக்கு நோட்டைப் பார்த்தார். அதில் அவர் மனைவி கினுயோவின் கையெழுத்தில், "செவ்வாய்: முளைப்பயறு, பொரித்த டோஃபு, வதக்கல். நான்கு பேர்" என்று இருந்தது.

அந்த நோட்டு பெண்கள் பத்திரிகையின் ஜனவரி இதழோடு இலவசமாக வந்தது. அதே இதழை வாங்கிய எல்லா வீட்டிலும் அதே நோட்டு இருந்தது, அங்கெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே காரணம் நோட்டு அல்ல, கினுயோதான் என்று எங்கள் தெருவில் பிற்பாடு முடிவு செய்தார்கள். கன்ஜி சம்பள உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார். கினுயோ அதை ஏழு உறைகளாகப் பிரித்து, கணவர் கைச்செலவுக்கு ஒன்றைத் திருப்பித் தருவார். சாப்பாட்டு உறையில் மாதம் முப்பத்திரண்டாயிரம். ஞாயிறு காலை செய்தித்தாளுக்குள் செருகி வரும் கடை நோட்டீஸ்களைத் தரையில் பரப்பி, சிவப்புப் பென்சிலோடு குனிந்து உட்கார்ந்தால், எழும்போது ஏழு நாள் சமையலும் எழுதி முடிந்திருக்கும். ஒரு முள்ளங்கி வாங்கினால் இலை திங்கட்கிழமை சோற்றில் தூவ, நடுத்துண்டு செவ்வாய் வேகவைக்க, தலைப்பக்கம் புதன் துருவ, வால் வியாழன் ஊறுகாய்க்கு. எழுதியதை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. இப்படி பதினோரு வருடம் மாறாமல் நடந்த ஒரு பட்டியலுக்கு, வீட்டார் எங்கே போனாலும் கூடவே போகும் பழக்கம் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

கன்ஜி டாக்டரிடம் நாக்கை நீட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு, நாக்கு நன்றாக இருக்கிறது, வீட்டில் என்ன சமையல் என்று கேட்டுக்கொண்டு வெளியே போங்கள் என்றார். மாலை நான்கு மணிக்கே ஓட்டலில் சாப்பிட்டுப் பார்த்தார், மதியக் கட்டுச்சோற்றின் புளித்த பிளம்காய் ருசித்தது. மகள்கள் நோபுகோவுக்கும் தமியேவுக்கும் பள்ளியில் தொல்லை இல்லை. பள்ளி மதிய உணவுக்குத் தனி உறை இருந்ததால் பட்டியல் அதைத் தொடவில்லை.

"கினுயோ, ஒரே ஒரு நாள் விலாங்குன்னு எழுதேன்" என்று கன்ஜி பிப்ரவரியில் கேட்டார்.

"எழுதலாம். உறையில காசு யாரு வைக்கிறது? உங்க சிகரெட்டா?"

"வாங்க வேணாம். சும்மா எழுது போதும்."

கினுயோ மனமில்லாமல் ஒரு சனிக்கிழமைக்கு, வாங்காமலேயே, "விலாங்கு" என்று எழுதினார். அன்று மாலை நான்கு பேருக்கும் சோறு செய்தித்தாள் போல ருசித்தது, லேசாகப் பென்சில் வாடையோடு. அது மூன்று நாள் போகவில்லை. உறையிலிருந்து காசு போகாத எதையும் பட்டியல் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தபின் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மே மாதத்தில் முட்டை விஷயம் வந்தது. நிலையத்துக்கு எதிரே இருந்த சூப்பர் மார்க்கெட்டில் செவ்வாய்தோறும் பத்து முட்டை தொண்ணூற்றெட்டு யென். ஆனால் ஆயிரம் யென்னுக்குச் சாமான் வாங்கியிருக்க வேண்டும், உடன் வந்திருக்கும் குடும்பத்தார் தலைக்கு ஒரு பாக்கெட்தான். ஆயிரம் யென் சேராதவர்கள், சேர்ந்தவர்களின் வரிசையில் ஒட்டிக்கொண்டு உறவு சொல்வது வழக்கம். கடைப்பெண்ணும் கேட்பாள், ஆனால் பதிலைக் கேட்டுக்கொள்ள மாட்டாள். அப்படி மே பதின்மூன்றாம் தேதி கினுயோவுக்குப் பின்னால் நின்றவர் மூலைச் சலூன் சுயேகிச்சி, மனைவியை இழந்த அறுபது வயதுக்காரர். "இவரு யாரு?" என்று கடைப்பெண் கேட்க, கினுயோ, "எங்க மாமனாரு" என்று சொல்லிவிட்டார். சுயேகிச்சி மாமனாருக்கு உரிய மாதிரி ஒரு இருமல் இருமினார்.

மறுநாள் காலை சவரக்கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் வந்து வாசலில் நின்றார்.

"அம்மா, நேத்து உங்க வீட்டுல கறிக்குழம்புதானே?"

"ஆமாம். ஏன், வாசனை அங்க வரைக்கும் வந்துச்சா?"

"வாசனையா? நான் வெறும் நூடுல்ஸ் தின்னேன், வாயெல்லாம் கறிக்குழம்பு. நல்லாத்தான் இருந்துச்சு. உருளைக்கிழங்கு மட்டும் இன்னும் ஒரு கொதி வேகணும்."

கினுயோ முகம் சிவந்து, குனிந்து மன்னிப்புக் கேட்டு, தவறுக்கு ஈடாக இரண்டு முட்டை கொடுத்தனுப்பினார். அன்று முதல் கடையில் யாரையும் உறவு சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார். சுயேகிச்சியைக் குடும்பத்திலிருந்து நீக்க வழி தெரியவில்லை. நோட்டில் தொடர்ந்து "நான்கு பேர்" என்றே எழுதினார். சுயேகிச்சி தொடர்ந்து ஐந்தாவதாக ருசித்தார்.

இலையுதிர் காலத்தில் ஆலைக்குக் கஷ்டம் வந்தது. எண்ணெய் விலை ஏறி, பீப்பாய் விலை ஏறி, ஆட்கள் அதிகம் என்று முதலாளிக்குத் தோன்றியது. கணவாய்க்கு அப்பால் வெந்நீர் ஊற்றுக் கிராமத்தில் மூன்று விடுதி வைத்திருந்த ஷிகேனோ அம்மாளின் ஆர்டரை வருடக் கடைசிக்குள் கொண்டுவந்தால் கன்ஜிக்கு வேலை உண்டு, இல்லையென்றால் ஏழு உறைகளும் காலி. ஷிகேனோ அம்மாள் சரக்கைச் சோதிப்பதில்லை, விற்க வந்தவனைச் சோதிப்பார். எதிரே உட்காரவைத்துப் பத்து வகை பரிமாறுவார். அதில் ஒன்றில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்திருப்பார். நாக்கு உள்ளவனிடம்தான் சாஸ் வாங்குவேன் என்பது அவர் கொள்கை. பெரிய கம்பெனி ஆள் ஒருவர் பத்துக்கும் "அருமை" என்று சொல்லி, பதினோராவதாக வாசலைப் பார்த்துப் போனார். கன்ஜியின் முறை நவம்பர் பதினெட்டு, செவ்வாய் மாலை.

முந்தைய ஞாயிறு அவர் நோட்டீஸ்களுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பத்து வகையையும் துளித்துளி வாங்கி எழுதிடேன்."

"நண்டு, காளான், பச்சை மீன், காட்டுப்பன்றி. ஆறாயிரத்து நானூறு ஆகுது, கூட்டிப் பாத்துட்டேன். இந்த வாரம் முழுக்கவே ஏழாயிரம். செவ்வாய்க்கிழமை நீங்க ருசி பாப்பீங்க, புதன்லேந்து பிள்ளைங்க என்ன, பென்சிலைக் கடிக்குமா?"

"வேலை போச்சுன்னா?"

"அப்ப அந்த ஆறாயிரமும் சேந்து போயிருக்கும்ல." கினுயோ பென்சிலை வைத்தார். "மத்தி மலிவா இருக்கு. மத்தி உருண்டையும் முள்ளங்கியும். மத்தியானத்துலேந்தே சின்னத் தீயில வெச்சு, உங்க ஆலை சாஸை ஊத்தி, என் கையால முடிஞ்ச அளவுக்கு நல்லா செய்றேன். நீங்க பொய் மட்டும் சொல்லாதீங்க. உங்களுக்கு வராது."

செவ்வாய் காலை கினுயோ மத்தியும் இஞ்சியும் மற்றதுமாக ஆயிரத்து நாற்பது யென்னுக்கு வாங்கி வரிசையில் நின்றார். பின்னால் நல்ல பட்டுக் கிமோனோவில் ஒரு பெரிய வீட்டு அம்மாள், கையில் காலிக் கூடை. கடைப்பெண் தலையைத் தூக்குவதற்குள் அந்த அம்மாள், "நான் இவங்க அக்கா" என்றார். கினுயோ திரும்பிப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அவ்வளவு நல்ல கிமோனோவுக்கு நாலு பேர் எதிரில் அவமானம். தலையை ஆட்டிவிட்டார். அம்மாள் தொண்ணூற்றெட்டு யென்னைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்து, "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு இன்னொரு வரிசைக்குப் போய் வேறு யாருக்கோ அத்தையானார். பாவம், இந்த வசதிக்கு இன்றைக்கு மத்தி தின்ன வேண்டியிருக்கிறதே என்று கினுயோ வீடு வரும்வரை வருத்தப்பட்டார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அடுப்பைப் பற்றவைத்தார்.

மாலை ஆறு மணிக்கு விடுதியின் உள்ளறையில் முதல் தட்டு வந்தது. பச்சை மீன், ஐந்து துண்டு. கன்ஜி ஒன்றை வாயில் வைத்தார். மத்தி உருண்டை, நன்றாக ஊறியது. எதிரே பட்டுக் கிமோனோவில் ஷிகேனோ அம்மாளும் ஒன்றை வாயில் வைத்து, மெல்லுவதை நிறுத்தினார். இரண்டாவதாக நண்டு வந்தது. அம்மாள் ஒரு வாய் தின்றுவிட்டு சமையல்காரரைக் கூப்பிட்டார். சமையல்காரர் முழங்காலிட்டு ருசி பார்த்து, நண்டுதான் அம்மா என்றார். மூன்றாவதாகக் காளான் சூப். அம்மாள் அதைக் குடித்துவிட்டுக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். முப்பது வருடமாக நாக்கை வைத்தே மூன்று விடுதி நடத்திய மனுஷியின் நெற்றியில் வேர்வை அரும்பியது. நான்காவது, ஐந்தாவது தட்டுகளும் அப்படியே போயின. ஆறாவது தட்டில் அவர் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். அதுதான் உப்புக் குறைத்த தட்டு என்று கன்ஜி சரியாகவே ஊகித்தார். ஊகித்து என்ன பயன்?

"ஒகாசே, இது உங்களுக்கு எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்க."

கன்ஜி ஏழு உறைகளையும் ஒருமுறை நினைத்துக்கொண்டார். பொய் வரவில்லை.

"மத்தி உருண்டைம்மா. முள்ளங்கியோட. இஞ்சி கொஞ்சம் தூக்கல்."

அம்மாள் முன்னால் குனிந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "முள்ளங்கி நல்லா உள்ள வரைக்கும் ஊறியிருக்குல்ல?" என்றார்.

 கன்ஜி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "மன்னிக்கணும். இன்னிக்கு நீங்க முட்டை வாங்கினீங்களா?"

"மூணு பாக்கெட். அதுக்கென்ன இப்ப?"

"ஒரு பாக்கெட்டுக்கு யாருக்காவது அக்கான்னு சொன்னீங்களா?"

"ஒல்லியா ஒரு பொண்ணு. பூப்போட்ட கைப்பை."

"அது என் சம்சாரம்" என்றார் கன்ஜி. விஷயத்தை முதலிலிருந்து சொன்னார். அம்மாள் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், நான்கு பேருக்கு அந்தக் குழம்பு எவ்வளவு ஆகிறது என்று. முந்நூற்றுப் பத்து யென் என்றதும் சமையல்காரரை ஒரு பார்வை பார்த்தார். சமையல்காரர் தன் சமையலறைக்குப் போய்விட்டார்.

மீதி நான்கு தட்டும் வந்தன. இருவரும் காட்டுப்பன்றியையும் மற்றவற்றையும் மத்தி உருண்டையாகவே, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றார்கள். கடைசியில் அம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுல ஊத்தின சாஸ் உங்களோடதா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் கன்ஜி. மூன்று விடுதிக்கும் வருடத்துக்கு நாற்பது பீப்பாய் என்று அங்கேயே எழுதி முத்திரை குத்தினார். "பத்துத் தட்டுலயும் ஒரே ருசி. ஒண்ணுலகூட சலிக்கலையே" என்பது அவர் சொன்ன காரணம்.

ஆலை முதலாளி கன்ஜிக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் ஆறு பெரிய பாட்டில் சோயா சாஸும் பரிசளித்தார். வேலை நிலைத்தது. சேதி கணவாயின் இரு பக்கமும் பரவியது. வெறும் சோற்றை வடித்துக்கொண்டு கினுயோவின் குழம்பை ருசிக்கலாம் என்று கணக்குப் போட்ட தெருக்காரர்கள் செவ்வாய்க்கிழமைகளில் அவருக்குப் பின்னால் வந்து நின்று, அவர் வாயைத் திறப்பதற்குள் சித்தி என்றும் நாத்தனார் என்றும் சொல்லிக்கொண்டார்கள். மறுக்கும் துணிச்சல் கினுயோவுக்கு ஒருநாளும் வரவில்லை. அடுத்த கோடைக்குள் வீட்டார் பதினேழு பேர். ஷிகேனோ அம்மாள் ஞாயிறு மதியம் தொலைபேசியில், "தங்கச்சி, இந்த வாரம் என்ன?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, "மறுபடியும் டோஃபுவா? நான் என்ன பாவம் பண்ணேன்?" என்பார். அவர் சமையலறையில் குறை சொல்ல ஆளில்லாமல் சமையல்காரர் உடம்பு தேறினார்.

ஆறு பாட்டில் சாஸும் ஆறு மாதம் வந்தது. மாதம் நூற்றெண்பது யென் வீதம் மிச்சமான ஆயிரத்து எண்பதைக் கினுயோ சாப்பாட்டு உறைக்குள்ளேயே ஒரு சிறிய உறையில் போட்டு, அதன்மேல் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தார். ஜூலை கடைசியில், வெயிலுக்கு விலாங்கு தின்னும் நாளில், சுட்ட விலாங்கு ஒன்றைத் தொள்ளாயிரத்து எண்பதுக்கு வாங்கி வந்து நான்காக வெட்டினார். நோட்டில் "விலாங்கு" என்று எழுதி, பக்கத்தில் வழக்கம்போல் எழுதிய நான்கை அடித்துவிட்டுப் பதினேழு என்று போட்டார்.

அன்று மாலை ஆறரை மணியிலிருந்து இருபது நிமிடம் எங்கள் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. சலூனில் சுயேகிச்சி குளிர்ந்த நூடுல்ஸ் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பதினெட்டு மாதமாக விலாங்குக்குக் காத்திருந்த கன்ஜி, முதல் வாய் தின்றுவிட்டுக் கிண்ணத்தை அருகே இழுத்துக்கொண்டு இரண்டாவது வாய் தின்றார். ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, நல்லா இருந்துச்சு" என்றார் ஷிகேனோ அம்மாள். "வால் பக்கம் ஒரு முள்ளு. அடுத்த தடவை பாத்து எடுத்துடு."

அடுத்த திங்கட்கிழமைக்கு நோட்டில் இருப்பது: முளைப்பயறு வதக்கல், பதினேழு பேர், முப்பத்தெட்டு யென்.