இரைச்சலுக்குள் தேடிய குரல்

கடிகாரம் பழுதுபார்ப்பவர் சாயங்காலம் கடையை அடைத்ததும் நேரே மாடியறைக்குப் போய் ஹாம் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். கப்பலில் வேலை பார்க்கும் தம்பி நடுக்கடலிலிருந்து அதில்தான் பேசுவான். மின்கம்பி வழியாகவே இன்டர்நெட் தருவதாக ஒரு கம்பெனி தெருவுக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து ஹெட்போனில் ஒரே கொரகொரப்பு. தம்பியின் குரல் அதற்குள் அமுங்கிவிட்டதென்று மனிதர் தவித்துப்போனார்.

எதிர்வீட்டிலிருக்கும் கூடப்பிறந்த அக்கா அவருக்கும் மேலே குதித்தாள்.

"அந்தக் கம்பிக்குக் கீழ நின்னாலே தலை கிறுகிறுங்குதுடா. உடம்புக்கு என்ன ஆகுமோ! நீ சும்மா விடாதே."

அவளே வீடுவீடாக ஏறிக் கம்பெனிக்கு எதிராகக் கையெழுத்து வாங்கினாள். அவர் கம்பெனிக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்தினார்.

"தலைவலிக்கு எங்க லைன்தான் காரணமான்னு எனக்குத் தெரியாது சார்," என்றார் இன்ஜினியர். "ரேடியோ இரைச்சல் எங்களாலதான். எந்த வீட்ல எங்க இன்டர்நெட் பெட்டி மாட்டியிருக்கோ, அங்க அதிகமா கேக்கும். எந்த வீட்டுப் பெட்டி உங்களுக்குத் தொந்தரவுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அதுல உங்க அலைவரிசையை மட்டும் தொடாம விட்டுடுறோம்."

மறுநாள் கடிகாரக்காரர் சின்ன ரேடியோ ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு கம்பியோடு கம்பியாக நடந்தார்.

"என்ன மாமா, ரேடியோவுக்கு நடைபயிற்சியா?" என்று தையல்காரர் கிண்டலடித்தார்.

அக்கா வீட்டு வாசலில் ரேடியோ அலறியது. ரேடியோதான் கெட்டுவிட்டதென்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு அதை அணைத்துவிட்டுப் படியேறினார்.

உள்ளே தம்பியின் குரல்.

"நான் அந்த ரேடியோ செட்டைத் தொட்டே மாசக்கணக்காச்சு. இந்த வீடியோதான் சுகமா இருக்கு. அண்ணன்கிட்ட சொல்லிடேன்க்கா."

"தெருவையே கூட்டிக் கையெழுத்து வாங்கினவ நான். இப்ப நானே கனெக்‌ஷன் எடுத்துட்டேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? இரைச்சல்லதான் நீ கேக்கலைன்னு நெனச்சுக்கிட்டே இருக்கட்டும். அவனுக்கும் பொழுது போகுதுல்ல!"

இருவரும் சிரித்தார்கள்.

மேஜைமேல் சாய்த்துவைத்த போனில் தம்பியின் முகம். சுவர் பிளக்கில் கம்பெனியின் பெட்டி. நிழல் விழவே அக்கா திரும்பினாள், முகம் செத்துப்போயிற்று.

"வாடா... இப்பதான் உன்னைக் கூப்பிடலாம்னு..."

"தலைவலி எப்படிக்கா இருக்கு?" என்றார்.

அவள் போனைக் கவிழ்க்கக் கை நீட்டினாள். அதற்குள் தம்பி பார்த்துவிட்டான்.

"அண்ணே!"

கொரகொரப்பே இல்லாத, பக்கத்தில் நிற்பதுபோன்ற குரல். அதற்காகத்தான் அவர் இத்தனை நாளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டான். அவர் படியிறங்கிச் செருப்பைத் தேடினார்.